அண்ணாவின் சடையும் அவர் தனியே காத்த நேர்த்தியும்

அண்ணாவின் நம்பிக்கையில் மரணத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நினைவு மலர் அச்சிடும் வழக்கமும் இல்லை. ஆகவே இதை அவருக்காக எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்களுக்காகவும் எனக்காகவும் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவரை, சடை வளர்த்துக் கெட்டுப்போனவர் என்ற அளவில்தான் தெரியும். அதற்கு நானும் ஒரு காரணம்.

திருகோணமலை உவர்மலையில் அப்பா அம்மாவுக்கு மூத்த பிள்ளையாக அண்ணா பிறந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து நான். சண்டைக் காலத்தில் அப்பா நோயில் தவறியபின், அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வவுனியா அகதி முகாமுக்குப் போனார். அங்கே பக்கத்துக் கொட்டகையில் யாரோ போட்ட கசெட்டில்தான் அண்ணா முதன்முதலாக ரெகே பாட்டைக் கேட்டார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. அரைகுறை ஆங்கிலத்தில் அதை விளங்கிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்:

"தங்கச்சி, இவையளையும் கப்பல்ல ஏத்திக்கொண்டு போய் வேற நாட்டில விட்டிருக்கினம். திரும்பிப் போகோணும் எண்டுதான் பாடுகினம்."

பின்னர் கொழும்பில் பேஸ் கிட்டார் பழகினார். கல்யாண வீடுகளில் வாசித்தார். துபாயில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் இடம் கிடைத்தபோது அவருக்கு இருபத்தாறு. பாடகர் ஜமேக்காக்காரர், மற்றவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். என் படிப்பும் கல்யாணமும் அந்த உழைப்பில்தான் நடந்தன.

அந்தப் பாடகரின் சமயம் ரஸ்தஃபாரி. ஜமேக்காவில் தோன்றிய அந்தச் சமயத்தில் கடவுளை ஜா என்று அழைக்கிறார்கள். எத்தியோப்பியாவின் பழைய பேரரசரைக் கடவுளின் வடிவமாகக் கொள்கிறார்கள். பைபிள் வாசிக்கிறார்கள். இறைச்சியும் மதுவும் தொடுவதில்லை; பலர் சமையலில் உப்பும் சேர்ப்பதில்லை. முடியை வெட்டாமல் சடையாக விடுகிறார்கள். அண்ணாவை யாரும் அதில் சேர்க்கவில்லை. தமிழ் பைபிள் ஒன்றை வாங்கி, சங்கீதங்களை இரண்டு வருடம் தனியே வாசித்துவிட்டு, ஒருநாள் முடி வெட்டுவதை நிறுத்தினார்.

அம்மா தொலைபேசியில் அழுதார். "பிள்ளையாரில என்ன குறை கண்டனீ?"

"ஒரு குறையும் இல்லையம்மா. ஆனா என்னைக் கூப்பிட்டது இதுதான்."

கஞ்சாவைப் பற்றிச் சொந்தத்தில் நிறையக் கதைத்தார்கள். அந்தச் சமயத்தில் அதைப் புனிதமாகப் புகைப்பவர்கள் உண்டு. அமீரகத்தில் இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அண்ணா ஒருமுறையும் அதைத் தொடவில்லை. "இந்த நாட்டில என்ர செபம் புகையில்லாமலே போகட்டும்" என்பார். ஆனாலும் ஒவ்வொரு விமான நிலையத்திலும் அவரைத் தனியாக அழைத்துப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அதற்காகவே மற்றவர்களைவிட இரண்டு மணி நேரம் முந்திப் போவார்.

பாடகர் ஊர் திரும்பினார், குழு கலைந்தது. ஹோட்டலுக்குப் புதிதாக வந்த மேலாளர், முடியை வெட்டினால் வேறு குழுவில் சேர்ப்பதாகச் சொன்னார். அண்ணா மறுத்துவிட்டு, அல் குசைஸில் ஒரு சாமான் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் ஆனார். அறையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஆறு பேருடன் அவருக்கும் ஒரு கட்டில்.

ஒரு விடுமுறை நாளில் தேய்ராவில் எத்தியோப்பியப் பெண் நடத்தும் காப்பிக் கடை ஒன்றைக் கண்டு, ஆசையோடு உள்ளே போயிருக்கிறார். அவர்களுடைய பேரரசரைத் தான் வணங்குவதாகச் சொன்னாராம். அந்தப் பெண் சிரித்துவிட்டு, துபாயில் எல்லாரும் பேசும் இந்தியில், "ராஜா தா, குதா நஹி, பாய்" என்றாராம். ராஜாவாக இருந்தவர்தான், கடவுள் இல்லை.

இதை எனக்கு போனில் சொல்லி அண்ணாவும் சிரித்தார். பிறகு, "துபாயில ஜாவைக் கும்பிட நான் ஒருத்தன்தான் மிச்சம் போல, தங்கச்சி" என்றார். நான் அப்போது குவைத்தில், மங்காஃபில், கணவரோடும் பிள்ளைகளோடும் இருந்தேன். அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன்.

இனி எழுதப்போவது பலருக்குத் தெரிந்த கதை. அம்மா தவறியபோது, நான் குவைத்திலிருந்து வந்து சேர்ந்தபின் அண்ணாவும் திருகோணமலைக்கு ஓடி வந்தார். இடுப்புவரை தொங்கிய சடையை வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த மாமா வாசலில் மறித்தார்.

"மொட்டை போடாமல் கொள்ளி வைக்கேலாது."

"மாமா, இது என்ர நேர்த்திக்கடன். அம்மாவுக்குத் தெரியும்."

"அப்ப நீ வெளியில நில்."

அண்ணா என்னைப் பார்த்தார். முற்றத்தில் ஊரே நின்றது. நான் சொன்னது இதுதான்: "வெட்டினா என்ன அண்ணா, திரும்ப வளரும்தானே."

அவர் திரும்பி நடந்தார். தம்பி முறையான ஒருவர் கொள்ளிக்குடம் தூக்கினார். அண்ணா வீதியின் எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றார். அம்மாவைக் கொண்டுபோனபோது கூட்டம் முழுவதும் முன்னே போகவிட்டு, கடைசி ஆளுக்கும் வெகுதூரம் பின்னால் நடந்தார். வாசல் படலையில் நின்று நான் பார்த்தது அந்த வெள்ளைத் துணியை மட்டும்தான். எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் மறுநாள் விமானம் ஏறினார். அதன்பின் எட்டு ஆண்டுகள், தமது கடைசிவரை, அவர் ஊருக்கு வரவில்லை.

அவரது அழைப்புகளுக்கு நான் சில மாதங்கள் பதில் சொல்லவில்லை. பிறகு பேசினோம். பிள்ளைகளின் படிப்பு, குவைத்தின் வெயில், துபாயின் வெயில். அந்த வாசலைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, அண்ணா கட்டிலில் மாரடைப்பால் தவறியிருந்தார். நான் அல் குசைஸ் போனேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிவகங்கைக்காரர் செல்வம் எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அக்கா, அண்ணன் உப்பில்லாம தேங்காப்பால்ல குழம்பு வைப்பாரு. சொதின்னு சொல்வாரு. எங்களுக்குத் தனியா உப்புப் போட்டு எடுத்து வெச்சிட்டுத்தான் அவரு சாப்பிடுவாரு. டூட்டி முடிஞ்சு வந்து அந்தக் கிட்டாரை வாசிப்பாரு. ஸ்பீக்கர் இல்ல, சத்தமே வராது. அதோட கட்டையில தாடைய அழுத்தி வெச்சுக்குவாரு. 'ஒண்ணும் கேக்கலையேண்ணே'ன்னு கேட்டா, 'எனக்குக் கேக்குது தம்பி'ம்பாரு."

"ஆரும் அவரைப் பாக்க வாறதில்லையா?"

செல்வம் தயங்கினார். "இல்லக்கா. நீங்கதான் முத ஆளு."

அன்று மாலை ஊரிலிருந்து மாமா அழைத்தார். அவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. "பிள்ளையைக் கொண்டு வா" என்றார். "அவன்ர முறைக்கு என்ன செய்யோணும்?"

"எரிக்கிறேல்ல, மாமா. முடியில கை வைக்கக் கூடாது. வேற ஒண்டும் தெரியாது. நான் கேட்டு வைக்கேல்ல."

ஊரில் அப்படியே நடந்தது. பறை இல்லை, ஐயர் இல்லை. சடையை நானே கோதி, இரு தோள்களிலும் எடுத்துவிட்டேன். அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. குழியில் இறக்கும்போது தலைப்பக்கத்தை மாமா வேறு யாருக்கும் விடவில்லை.

வேலைக்குப் போகாமல் மூன்று நாட்கள் அலுவலகங்களுக்கு அலைந்து, அண்ணாவை ஊருக்கு அனுப்ப உதவிய செல்வத்துக்கும் அறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கிடங்கு முதலாளிக்கும், செய்தி அறிந்து ஜமேக்காவிலிருந்து அழைத்து, பேச முடியாமல் அழுத பாடகருக்கும், குழி வெட்டியவர்களுக்கும், மாமாவுக்கும் நன்றி. இன்று வந்து பந்தியில் அமரும் ஒவ்வொருவருக்கும் நன்றி.

வாசலில் நான் சொன்ன சொல்லுக்கு அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு எட்டு ஆண்டுகள் இருந்தன. இப்போது கேட்கிறேன். இந்த மலரை முந்நூறு பேருக்குக் கொடுக்கிறோம். படிக்க வேண்டியவர் அவர்களில் இல்லை.

அன்புத் தங்கை