வேப்பிலை செருகிய கதவு

1. காலி டின்

முதல் நாள் நான் காலி டின்னோடுதான் திரும்பினேன்.

1944, பிரிக்பீல்ட்ஸ். ஜப்பான்காரன் காலம். நான் பாடம் சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. காதர் பாய் ஓடாமல் போன தன் சாப்பாட்டுக் கடையைக் கஞ்சிக்கூடத்துக்கு விட்டிருந்தார். சயாமில் ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்விட, செமினி, சுங்கை பூலோ பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் நடந்தே வந்து அங்கே கஞ்சி வாங்கினார்கள். யார் பாத்திரம் நீட்டினாலும் ஊற்றினோம். அந்தக் கஞ்சிக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய் அரிசி சேர்ப்பது என் வேலை. சம்பளம் இரண்டு வேளைக் கஞ்சி.

கூடத்தை நடத்தியவர் துரைசாமிக் கிராணியார். ரயில்வே ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று யோசிக்கிற மூளை அவருக்கு. என் டின்னை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னங்க டீச்சரம்மா, பிச்சை கேட்ட மாதிரி கேட்டீங்களா? கேட்டா எவன் கொடுப்பான்? மொதல்ல நீங்க கொடுங்க."

"நான் என்னத்தைங்க ஐயா கொடுக்கிறது?"

காதர் பாய் செம்பனை எண்ணெயில் சவுக்காரம் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆறி இறுகியதிலிருந்து தீப்பெட்டி அளவுக்குத் துண்டு போட்டு என் பையில் நிரப்பினார் கிராணியார்.

"கதவு தொறந்ததும் இதைக் கையில வச்சிடுங்க. அரிசின்னு வாயே தொறக்காதீங்க. வாங்கின கை சும்மா இருக்காது, பாருங்க."

சும்மா இருக்கவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் டின் நிறைந்துவிட்டது. சவுக்காரம் அப்போது தங்கம். வாங்கி மோந்து பார்ப்பார்கள், முகம் மலரும், அடுத்த நொடி முகம் மாறும். உள்ளே போய்க் கொஞ்சம் அரிசியோ மரவள்ளிக்கிழங்கோ கொண்டு வருவார்கள். ஆறாம் வீட்டுப் பாக்கியம் அக்கா மட்டும் மனசில் பட்டதைச் சொன்னாள்: "நல்லா வேலை காட்டுறீங்கம்மா. சோப்பை வாங்கிட்டு வெறுங்கையோட அனுப்ப முடியுமா?" சொல்லிக்கொண்டே அரை டின் போட்டாள். நான் சிரித்தேன். எனக்கு அது ஒரு வித்தையாகத்தான் தெரிந்தது.

2. மாவிலை

அடுத்த யோசனையும் கிராணியாருடையதுதான். வெள்ளிக்கிழமை தோறும் அரிசி கொடுத்த வீட்டு நிலையில் ஒரு கொத்து மாவிலை கட்டவேண்டும். மரியாதைக்காம்.

என் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். முதல் வாரம் ஏழு கதவில் மாவிலை. மூன்றாம் வாரம் பன்னிரண்டிலும். அதற்கு மேல் நான் கதவைத் தட்டவே தேவையில்லை. அரிசியோடு வாசலில் நின்றார்கள். மாவிலை வாடிப்போனால் பெண்கள் பதறினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய சாமர்த்தியக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வீடு அஞ்சலையுடையது. புருஷன் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். அவனையும் சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, பெயர் செல்வி. அஞ்சலை இரண்டு தரம் அரிசி கொடுத்தாள். இரண்டாம் தரம் பானையை வழிக்கிற சத்தம் என் காதில் விழுந்தது. விழுந்தும் டின்னை நீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த வெள்ளி அவள் கதவைப் பாதி திறந்தாள். "அடுத்த வாரம் தரேன் டீச்சர்" என்றாள், மெதுவாக.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? உள்ளே போயிருக்கவேண்டும். செய்தது வேறு. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நிற்பது தெரிந்தே, குரலை உயர்த்தினேன்.

"பரவாயில்லை அஞ்சலை. இந்த வரிசையில உன் வீடு ஒண்ணுதான் பாக்கி. அடுத்த வாரம் சேர்த்துக் கட்டிடுறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். கையில் சவுக்காரத் துண்டையும் திணித்துவிட்டுப் போனேன்.

3. ஆத்தா

அதற்கடுத்த வெள்ளி அஞ்சலை வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது.

நம் ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இப்போதைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வேப்பிலை செருகினால் வீட்டில் அம்மை. ஆத்தா வந்திருக்கிறாள். வெளியாள் உள்ளே போகக்கூடாது. அந்த வீட்டிலிருந்து அரிசி, உப்பு, நெருப்பு எதுவும் வெளியே போகக்கூடாது. யாரும் கேட்கவும் கூடாது. நான் தெருவில் நின்றபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். குழந்தைக்குத்தான் போட்டிருக்கிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. என் வரிசையில் ஒரு கதவில் மட்டும் மாவிலை இல்லாததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

அடுத்த வெள்ளியும் வேப்பிலை. அதற்கடுத்ததும். நான்காவது வெள்ளி பாக்கியம் அக்கா என்னை நிறுத்தினாள்.

"டீச்சர், மூணு தண்ணி ஊத்தியிருக்கணுமே? ஒரு தண்ணி ஊத்தின மாதிரிகூடத் தெரியலையே. மஞ்ச வாடையே வரலை."

அம்மை இறங்கினால் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீரோடு கதவுக் கொத்தை எடுத்துவிடுவார்கள். இந்தக் கொத்தோ அன்று காலையில் ஒடித்தது போலப் பச்சையாக இருந்தது.

நானே போய்க் கதவைத் தட்டினேன். குழந்தைதான் திறந்தது. உடம்பில் ஒரு அம்மை முத்துகூட இல்லை. வயிறு மட்டும் உப்பியிருந்தது. கையில் ஒரு வேப்பங்கொத்து.

"செல்வி, யாரு கண்ணு இதைக் கட்டுறது?"

"நாந்தான். ஸ்டூல் போட்டு. அம்மா எந்திரிக்க மாட்டேங்குது. கட்டலைன்னா டீச்சர் வந்துடுவாங்களாம்."

டீச்சர் என்றால் நான். ஜப்பான்காரனுக்கு இல்லை, வியாதிக்கு இல்லை, எனக்குப் பயந்து அந்தக் கதவு ஒரு மாதம் மூடியிருந்தது.

அஞ்சலை பாயில் கிடந்தாள். இரண்டு காலும் வீங்கி, தொட்ட இடத்தில் குழி விழுந்தது. அடுப்பு எரிந்து பல நாள் ஆகியிருந்தது. இருந்த மரவள்ளியைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுத் தான் தண்ணீர் குடித்திருக்கிறாள்.

"ஏம்மா, கஞ்சிக்கூடம் கூப்பிடுற தூரந்தானே. ஒரு சட்டி தூக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "மாவிலை கட்டின வீடு டீச்சர். சட்டி தூக்கிட்டு வரிசையில எப்படி நிக்கிறது?"

பிறகு அலமாரியைக் காட்டினாள். நான் கொடுத்த மூன்று சவுக்காரத் துண்டுகளும் அங்கே வரிசையாக இருந்தன.

"தொடவே இல்லை. எடுத்துட்டுப் போயிடுங்க. அரிசி இல்லை."

4. பதினொரு வீடு

பாக்கியம் அக்கா முதலில் கஞ்சி கொண்டு வந்தாள். அதைப் பார்த்து அடுத்த வீடு கருவாடு கொண்டு வந்தது. அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. பொழுது சாய்வதற்குள் பதினொரு வீடும் வந்துவிட்டது. ஒருத்தி கொடுத்தால் மற்றவள் சும்மா இருக்க மாட்டாள் என்ற அதே வித்தைதான். அஞ்சலையால் இரண்டு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாள். செல்வியைப் பாக்கியம் அக்கா தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்; அங்கேதான் அவள் வளர்ந்தாள்.

மறுநாள் பன்னிரண்டு கதவிலும் இருந்த இலைக்கொத்துகளை நானே பிடுங்கிப்போட்டேன். கிராணியார் பதறினார்.

"என்ன காரியம் பண்றீங்க? அரிசி பாதியா குறைஞ்சிடும். செமினியிலேருந்து நடந்து வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

நடந்ததைச் சொன்னேன். கிராணியார் மறுபடி மாவிலைப் பேச்சை எடுக்கவில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லை. அரிசி குறைந்தது, கஞ்சி நீர்த்தது, வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு கூடத்துக்குப் பின்கட்டில் சாக்குத் திரை கட்டி, உள்ளே அரிசி போட ஒரு பெரிய சால் வைத்தோம். ஒவ்வொருத்தராகத் திரைக்குள் போகலாம். போடலாம், எடுக்கலாம், என்ன செய்தார்கள் என்று வெளியே தெரியாது. சில நாள் சால் காலியாகவே இருந்தது. அதற்காக நான் மாவிலைக்குத் திரும்பவில்லை.

சண்டை முடிந்து கிள்ளானில் நலப்பணிக்குச் சேர்ந்து முப்பது வருஷம் வேலை பார்த்தேன். "ஆன்டி, டொனேஷன் எப்படிக் கேட்டா நிறைய கிடைக்கும்?" என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். சொல்லித்தர மாட்டேன். கொடுக்காத வீடு ஒன்று இருந்தால் டின்னை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அந்த மூன்று சவுக்காரத் துண்டுகளை நான் எடுத்துப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் குளிப்பாட்ட அவைதான் இருந்தன.