இரண்டாவது தழை

எனக்குப் பொறுமை கிடையாது. உபதேசியார் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடிநாயக்கனூருக்கு மேலே ஏலத்தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போன முதல் நாளே, சாயந்திரத்துக்குள் எல்லாரும் ஜெபம்பண்ணப் பழகிவிட வேண்டும் என்று பறந்தேன். தோட்டத்துக் கங்காணி சிரித்தார்.

"பாட்டுச் சொல்லிக் குடுங்க, எழுத்துச் சொல்லிக் குடுங்க. சாமி விசயத்துல மட்டும் வெரசா எறங்கிறாதீங்க, வாத்தியாரையா."

நான் கேட்கிற ஆளா?

1. பேச்சி

ஒரு வருஷம் ஓடிற்று. பிள்ளைகள் கீர்த்தனை பாடுவார்கள். பாடி முடித்ததும் காய் பறிக்க ஓடிவிடுவார்கள். மிஷன் பாதிரியாரான ஐயர் பார்வையிட வந்தபோது, "பாட்டு மட்டுந்தானா? ஞானஸ்நானத்துக்கு ஒரு பிள்ளைகூட இல்லையா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அதன்பிறகு ஒருநாள் பேச்சி என்ற சிறுமி தானாகவே வந்து, "நான் வேதத்துல சேர்றேன்யா" என்றாள். தாயில்லாப் பிள்ளை. அப்பா மாயாண்டி, தோட்டத்துக்குப் பொதிமாடு ஓட்டுகிறவர். அவர் சம்மதமில்லாமல் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார். போய்க் கேட்டேன்.

"பாப்போம்" என்றார் மாயாண்டி.

எத்தனை தடவை கேட்டாலும் அதே "பாப்போம்". எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனுஷன் எதைத்தான் பார்க்கப்போகிறார்?

2. மலைப்பாதை

ஒருமுறை போடிச் சந்தையிலிருந்து மாயாண்டியோடும் பேச்சியோடும் மலையேறினேன். முதல் வளைவைத் தாண்டினால் ஒரு தழைக்குவியல் உண்டு. ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கொப்பு ஒடித்து அதில் போடுவார்கள். போட்டால் வழியில் யானை மறிக்காது என்று நம்பிக்கை. பிள்ளையோடு போகிறவர் பிள்ளைக்கும் ஒன்று போடுவார். "அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல் நடங்கள்" என்று என் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்குப் பாதையில் யானைலத்தி கிடந்தது. ஆவிகூட அடங்கவில்லை. மாடுகள் மிரண்டு நின்றன. மாயாண்டி இரண்டு கொப்பு ஒடித்தார். தடுத்தால் அப்பன் முறுக்கிக்கொள்வார். சும்மா இருந்தால் பிள்ளையின் விசுவாசம் என்னாவது?

பேச்சி நேரே குவியலுக்கு முன்னால் போய் நின்றாள். "போச்சுடா!" என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். யானை பக்கத்தில் எங்கோ இருக்கிறது, இவள் அசைவதாக இல்லை. ஒருவழியாகக் கண்ணைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"ஒங்களுக்கு நீங்க போடுங்கப்பா. எனக்கு வேணாம். ஏசப்பாகிட்ட ஒங்களுக்குஞ் சேத்துத்தான் சொல்லிருக்கேன்."

மாயாண்டி வெகுநேரம் அவளையே பார்த்தார். ஒரு தழையைக் குவியலில் போட்டார். மற்றதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நட ஆத்தா" என்றார்.

யானை வரவில்லை. நான்தான் வழிநெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

3. சம்மதம்

தோட்டம் சேர்ந்ததும் அவரே என்னிடம் வந்தார். அந்தத் தழை வாடி இன்னும் கையில் இருந்தது.

"ஐயரை வரச் சொல்லுங்க. வேதத்துல சேந்த பிள்ளைக அப்பனைக் கேவலமாப் பாக்கும்னு சொன்னாங்க. எம்மக அப்பிடிப் பாக்கலை."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தேன். அவர் போகாமல் நின்றார்.

"அவ ஆத்தா செத்ததுலருந்து அவளுக்கும் நாந்தான் போட்டுட்டு வாறேன். இனிமே அவளுக்குப் போடாம ஏறணும். அதான்யா எனக்குக் கஷ்டமா இருக்கு. இதையும் ஒங்க சாமிகிட்டச் சொல்லுங்க."

தழையைக் கீழே போட மனமில்லாமல் கையோடு கொண்டுபோனார். நான் அழுதுவிட்டேன்.

தம்பிகளே, ஒரு பிள்ளையைக் கர்த்தருடைய வழியில் நடக்கச் சொல்லும்போது அதன் தகப்பனையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அன்றிலிருந்து என் ஜெபத்தில் மாயாண்டியின் பெயர்தான் முதலில் வரும்; பேச்சியின் பெயர் அதற்கு அப்புறம்தான்.