தங்கமணி ஏறாத கார்

கள்ளக்குறிச்சி வாடகைக் கார் ஸ்டாண்டில் ஆதிமூலத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் கிளம்பி, கல்வராயன் மலையில் பெரியார் அருவியையும் மேகம் அருவியையும் காட்டி, இருட்டுவதற்குள் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த வளைவில் குழந்தைகள் வாந்தி எடுக்கும், எந்தக் கடை டீயை வாயில் வைக்க முடியாது, எல்லாம் மனுஷனுக்கு அத்துப்படி. ஊரையே ஏற்றிச் சுற்றிய அந்தக் காரில் ஏறாத ஒரே ஆள் அவர் பெண்டாட்டி தங்கமணி.

திருக்கோவிலூரில் கல்யாணமா, பஸ். திருநாவலூர் கோயிலா, பஸ். ஒரு தடவை உளுந்தூர்பேட்டையில் சொந்தக்காரர் சாவுக்கு இவர் வெறும் காரை ஓட்டிக்கொண்டு போக, அவள் பின்னால் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களை நாலு அறை விட்டாலும் தகும். நடந்தது தெரிந்தால் சிரிப்பு வந்திருக்காது.

அவர்களுக்கு மூத்தது ஒரு பையன், கொளஞ்சியப்பன். மூன்று வயது. அப்போது சங்கராபுரம் சாலையில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தார்கள். ஆதிமூலம் சென்னைக் குடும்பம் ஒன்றை மலைக்கு ஏற்றிப் போயிருந்த அன்று, பையனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு கண்டுவிட்டது. செல்போன் இல்லாத காலம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். வெகுநேரம் பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸும் ஊருக்கு ஊர் நின்றது. கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது பிள்ளை உயிரோடு இல்லை. அந்த நேரத்தில் அருவிக்கரையில், குளித்தவர்கள் தலை துவட்டி முடிக்கட்டும் என்று ஆதிமூலத்தின் கார் நின்றுகொண்டிருந்தது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் சொன்னது இதுதான்: "எம்புள்ளைக்கு ஒதவாத வண்டி எனக்கு இன்னாத்துக்கு?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. சண்டை போட்டிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். வேளாவேளைக்குச் சோறு போட்டாள், பின்னால் பிறந்த கண்ணகியை வளர்த்து ஆளாக்கினாள். காரில் மட்டும் ஏறவில்லை.

கண்ணகி கல்யாணமாகி மலேசியாவில் சிரம்பானுக்குப் போனாள். அவள் மகனுக்கு இரண்டு வயதானதும் அப்பாவுக்குப் போன் செய்தாள். "டிக்கெட் போட்டாச்சி. எங்க வூட்டுக்காரரு கம்பெனி பஸ்லதான் போறாரு, கார் சும்மாதான் நிக்கும். நீயே ஓட்டுப்பா. தெனம் ஒரு எடம் போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம்."

ஆதிமூலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளிநாட்டில் ஓட்டுவதற்கு பர்மிட் வாங்கினார். போனில் மேப் பார்க்கப் பழகினார். போர்ட்டிக்சன் கடற்கரைக்கு வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். மலாக்காவுக்கு முழுசாக ஒரு நாள். கேமரன் மலைக்கு விடியுமுன் கிளம்பினால்தான் உண்டு. சாப்பிட உட்காரும்போதெல்லாம் தங்கமணியிடம் இதே பேச்சுத்தான். மகள் மனசு நோகும் என்றாவது இந்த ஒரு தடவை ஏறிவிடுவாள் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்பாள்.

"அங்க ஆஸ்பத்திரி கிட்டக்க இருக்குதா?"

"ஊரு பாக்கப் போறமா, ஊசி போட்டுக்கப் போறமா?" என்று முதலில் எரிந்து விழுந்தார். திரும்பத் திரும்ப அதையே கேட்டபோதுதான் உறைத்தது. கூட வரப்போவது பேரன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் ஒவ்வோர் ஊருக்கும் வழியில் எங்கெங்கே ஆஸ்பத்திரி என்று பார்த்துச் சொன்னார். கேமரன் மலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

சிரம்பானில் போர்ட்டிக்சனுக்குக் கிளம்பும் நாள் வந்தது. கண்ணகி சோறு கட்டி வைத்துவிட்டாள். தங்கமணி புடவைகூட மாற்றவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வூட்லியே இருக்கறேன்."

கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற ஆதிமூலத்தின் முகம் செத்துப்போனது. பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கண்ணகி, "உடம்பு லேசா சுடுது. பல்லு மொளைக்குதுல்ல, அதான்" என்றாள்.

தங்கமணி பிள்ளையை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். செருப்புகூடப் போடாமல் ஓடிக் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? வண்டிய எடு!"

புருஷனை அவள் ஒருமையில் பேசியது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாதாரணக் காய்ச்சல்தான் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். பையன் வெளியே வரும்போதே பிஸ்கட் கேட்டான். கண்ணகி மருந்து வாங்க நின்றாள். இவர்கள் காரில் வந்து உட்கார்ந்தார்கள். பேரன் தங்கமணி மடியிலேயே தூங்கிவிட்டான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"வூட்லருந்து இங்க வர எவ்ளோ நேரம் ஆச்சி?"

"ஜாஸ்தி இல்ல. கொஞ்ச நேரந்தான்."

"அன்னிக்கு நம்ம ஊர்லருந்து கள்ளக்குறிச்சிக்கும் கார்ல இவ்ளோதான் ஆயிருக்கும், இல்ல?"

ஆதிமூலத்துக்கு அந்த ரோடு நன்றாகத் தெரியும். காரில் என்றால் இவ்வளவுகூட ஆகியிருக்காது. அவளுக்குத் தன்மேல் கோபம், அதனால்தான் காரில் ஏறவில்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். ஏறினால், அன்றைக்குக் கார் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்ற இந்தக் கணக்குத் தெரிந்துபோகுமே என்றுதான் அவள் ஏறாமல் இருந்திருக்கிறாள்.