மூன்றாம் மாடியில் அக்காவின் குரல்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருடமாக இதே வேலை. கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'காது'. லிஃப்ட் மக்கர் செய்தால் மற்றவர்கள் டார்ச்சையும் மீட்டரையும் தேடுவார்கள்; இவர் கதவோரமாகப் போய்க் காதை வைப்பார். "ஆறாவது மாடிக் கதவுல உருளை தேஞ்சிருக்கு" என்பார். ஏறிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். லிஃப்ட்டில் வரும் கோளாறில் முக்கால்வாசி கதவுக் கோளாறுதான், மோட்டார் மேல் வீண் பழி என்பது அவர் கட்சி. "மனுஷங்க கதவைத்தான்மா படுத்துறாங்க" என்று சொல்லிவிட்டு, பெரிய ஜோக் அடித்த மாதிரி தானே சிரித்துக்கொள்வார்.

இவ்வளவு காது உள்ள மனிதரின் வீட்டில் பால்கனிக் கதவு கத்தும். திறந்தால் சின்னதாக ஒரு கீச்சு, சாத்தினால் நீளமாக ஒரு கீச்சு, கடைசியில் ஒரு டொக். அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். "ஊர்ல இருக்கிற கதவுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க, நம்ம வீட்டுக் கதவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். "ஞாயித்துக்கிழமை பாக்குறேன்" என்பார் மாமா. ஞாயிற்றுக்கிழமைகள் அதுபாட்டுக்கு வந்து போயின.

அவர்களுக்கு ஒரே மகன். அவனுக்குத் தன் கம்பெனியிலேயே, வரைபடம் போடும் பிரிவில், கையைக் காலைப் பிடித்து வேலை வாங்கிக் கொடுத்தார். எட்டு மாதம் இருந்தான். பிறகு கலை படிக்கிறேன் என்று வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். சரி, படம் வரையப் போகிறான் போல என்று நாங்கள் நினைத்தோம். அதுவும் இல்லையாம். சத்தங்களைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, அதை அறையில் ஒலிக்க விடுவதாம்.

"சத்தத்துல என்னடா கலை? சத்தம் வந்தா ரிப்பேர்னு அர்த்தம்" என்று மாமா கத்தினார்.

அவனிடம் அவர் முழுசாகப் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். ஏழு வருடம் ஆகிறது. எனக்கு அப்போதே கோபம். இப்போதும் கோபம்தான். ஆனால் அவரை விட்டுக்கொடுக்கவும் மனசு வராது. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அவள் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்த மனிதர்.

அக்காவுக்கு டைப் அடிக்க வராது. ஒரு வரி அடிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் மகனுக்குக் குரலாகவே பேசி அனுப்புவாள். ஹால் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனை மைக் மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்து, முதலில் தொண்டையைச் செருமுவாள். பிறகு ஒரு "டேய்". அப்புறம் வீட்டுக் கதை, என் கதை, மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாய்க் கதை எல்லாம் வரும். அவள் செருமியதும் மாமா டிவியை அணைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அவள் முடித்த பிறகுதான் உள்ளே வருவார். என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

போன வருடம் அக்கா போய்விட்டாள். மகன் வந்து நாலு நாள் இருந்தான். அப்பாவும் மகனும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "சித்தி, அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்க." "அவனை முதல்ல சாப்பிடச் சொல்லு." இரண்டு பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான் தபால்காரி.

அவன் திரும்பிப் போன பிறகு, மாமாவுக்கு அக்காவின் குரலைக் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அவள் போன் பூட்டியிருந்தது. பூட்டு என்றால் திறந்துவிட வேண்டியதுதானே என்று கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்களும் திறந்துதான் கொடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, எல்லாம் அழிந்து புதுப் போன் மாதிரி வந்தது. கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதில் அக்கா வாய் நிறையப் பேசுகிறாள், சிரிக்கிறாள். மேலே முழுக்க சினிமாப் பாட்டு. நான் அடுத்த தெருவில் இருந்தவள், எனக்கு எதற்கு அவள் பேசிப் பதிவு அனுப்பப்போகிறாள்? ஒரு மனுஷி முப்பது வருடம் ஓயாமல் பேசிய வீட்டில் அவள் குரல் ஒரு துளி மிச்சமில்லை.

நான் டிராவல் ஆபீசில் இருக்கிறேன். பயணத் திட்டம் போடுவது என் பிழைப்பு. ஒரு தம்பதிக்காக, அக்கா மகன் படிக்கப் போன ஊரின் நவீன கலை அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்த்த படைப்புகளின் பட்டியலில் எங்கள் பையன் பெயர் கண்ணில் பட்டது. கழுதை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'அம்மாவின் அழைப்புகள். ஒலி. நாற்பத்தொரு பதிவுகள், இருபத்தெட்டு நிமிடம். மூன்றாம் மாடி.' அவ்வளவுதான் போட்டிருந்தது.

அன்று மாலையே மாமாவிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ குரலா?" என்றார்.

"அம்மாவின் அழைப்புகள்னா வேற யாரு மாமா?"

"டிக்கெட் போடு."

"அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. அடுத்த நிமிஷம் அனுப்பிடப் போறான்."

"அவன்கிட்ட நான் கேக்கணுமா? அது எல்லாரும் போய்க் கேக்குற இடம்தானே? நானும் ஒரு ஆளாப் போய்க் கேட்டுட்டு வரேன்."

கண்டம் விட்டுக் கண்டம் போவாராம், ஒரு போன் பண்ண மாட்டாராம். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஆசை. எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டேன்.

விசா படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வந்தார். அந்தக் கட்டத்தில், 'என் மனைவி பேசுவதைக் கேட்க' என்று எழுதியிருந்தார். இதற்கு எந்த நாடு விசா கொடுக்கும்? திட்டிக்கொண்டே புதுப் படிவம் எடுத்து 'சுற்றுலா' என்று எழுதினேன். பழையதைக் கிழித்துப்போட மனசு வரவில்லை. அது இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

லிஃப்ட் சர்வீஸ் தாளின் பின்பக்கத்தில் அவரும் ஒரு திட்டம் எழுதினார். செவ்வாய் விடுமுறை. பை பெரிதாக இருந்தால் கீழேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். புதன் காலையில் போக வேண்டும். தினம் என் ஆபீசுக்கு அவரிடமிருந்து போன் வரும்.

"மூணாவது மாடிக்கு லிஃப்ட் இருக்குமா? என்ன கம்பெனி லிஃப்ட்டுன்னு போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான் மாமா, வேண்டாத ஆளை ஏத்தாதுன்னு."

"கேலி பண்ணாத. கூட்டம் கசகசன்னு பேசிட்டிருந்தா அவ குரல் கேக்காதே. எந்த நேரம் காலியா இருக்கும்னு எழுதிக் கேளு."

அதற்காகத்தான் அந்த அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது. புதன் காலை கூட்டம் குறைவு என்றார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கலைஞரின் குடும்பம் என்று தெரிந்ததும் அன்பாக ஒரு குறிப்பும், நாலு நிமிட மாதிரிப் பதிவும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். 'இந்தப் படைப்பில் தாயின் சொற்கள் முழுவதும் நீக்கப்பட்டுள்ளன. சொற்களுக்கு நடுவே உள்ள ஒலிகள் மட்டும் கேட்கும்.'

மூன்று தடவை படித்தேன். பிறகு ஆபீஸ் மாடிப்படிக்குப் போய் நின்று அவனுக்குப் போன் செய்தேன்.

"வெட்டினதெல்லாம் எங்கடா? அம்மா பேசினது எங்க?"

"வெச்சுக்கல சித்தி. அதெல்லாம் வந்த என் பழைய போனும் தொலைஞ்சிடுச்சு."

"பெத்தவ பேச்சைத் தூக்கிப் போட்டுட்டு மூச்சை வெச்சிருக்கியா? புத்தி இருக்கா உனக்கு?"

அவன் மெதுவாகச் சொன்னான். "அதைச் செய்யும்போது அம்மா இருந்தாங்க சித்தி. பேச்சுதான் தினமும் வருதேன்னு நெனச்சேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் தொடர்ந்தான்.

"எல்லாத்துலயும் பால்கனிக் கதவு சத்தம் வரும். அதை மட்டும் எதுலயும் வெட்டல. அப்பாகிட்டேர்ந்து எனக்கு வந்தது அது ஒண்ணுதானே."

பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த அன்று மதியம், வாங்கிப் போக மாமா ஆபீசுக்கு வந்தார். காலில் புது ஷூ. நடந்து பழகுவதற்காக ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தாராம். எதிரே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பால்கனிக் கதவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் விசா ஒட்டிய பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஒரு வார்த்தை கூடவா இல்ல?"

"இல்ல மாமா."

"டேய்னு ஆரம்பிப்பாளே. அது?"

"அதுவும் இல்ல."

"இருக்கிறதைப் போடு" என்றார்.

ஆபீஸ் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, மாதிரிப் பதிவை ஓட விட்டேன். காலையிலேயே நான் கேட்டு அழுது முடித்திருந்தேன், அதனால் அவர் முகத்தைப் பார்த்தே எந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. முதலில் அக்கா செருமுகிறாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வளையல் போனில் இடிக்கிறது. மூச்சை இழுத்து என்னவோ சொல்ல வருகிறாள், அதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. சட்டென்று அவர் புருவம் சுருங்கியது. தொழில் புத்தி, தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"கீல்ல எண்ணெய் இல்ல" என்றார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் சத்தமாகச் சொன்னார், பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள். மறுபடி செருமல், நாற்காலி நகரும் சத்தம், கீச்சு, டொக். மறுபடி செருமல். மூன்றாவது தடவை அந்த டொக் வந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். முப்பத்தாறு வருடமாக ஊர்க் கதவுகளைக் கேட்ட காது, தன் வீட்டுக் கதவை அன்றைக்குத்தான் கேட்டது.

"இதுல நான் எத்தனை தடவை எந்திரிச்சுப் போறேன்?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. "நாப்பத்தொண்ணுலயும் மாமா."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவி மனிதர், பாஸ்போர்ட்டை மூடி மூடித் திறந்தார். என்னாலேயே பொறுக்க முடியவில்லை.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவா?"

"எதுக்கு?"

"அக்கா பேச்சுதான் இல்லையே."

"அவ பேசும்போது நான் எங்க கேட்டேன்?" என்றார். "இருபத்தெட்டு நிமிஷம்னு போட்டிருக்கான்ல? முழுசா உக்காந்து கேக்கணும். அவனையும் வரச்சொல்லு, பக்கத்துல உக்காரட்டும்."

தபால்காரி வேலை எனக்கு அலுத்துவிட்டது, நீங்களே சொல்லுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "சொல்றேன்" என்றேன்.

பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த ரூமுக்குக் கதவு உண்டா?"

அருங்காட்சியகத்தின் பக்கத்தைத் திறந்து, அந்த அறையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு பெஞ்சு. வாசலில் தரை வரை ஒரு கறுப்புத் துணி.

"கதவு இல்ல மாமா. துணிதான் தொங்குது."

தலையாட்டிவிட்டு ஹெட்போனை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். முதலிலிருந்து போடச் சொல்லிக் கையைக் காட்டினார். போட்டேன். அவர் அழுவதைப் பார்க்க வேண்டாம் என்று நான் வெளியே போக எழுந்தேன். பிறகு போகாமல் உட்கார்ந்துவிட்டேன்.