வாங்குகிற தராசு

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு தராசு கிடக்கிறது. மூட்டையைத் தூக்கி வைத்து நிறுக்கிற, தரையோடு கிடக்கும் எலெக்ட்ரானிக் தராசு. தட்டின் பச்சைச் சாயம் ஓரங்களில் உரிந்துவிட்டது. இடுக்குகளில் இன்னும் மிளகாய் விதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் வீடு துடைக்கிற வாளியை வைத்திருக்கிறேன். இடம் இல்லாமல் அல்ல, வேண்டுமென்றேதான் வைத்தேன். என் மாமனார் உயிரோடு இருந்தவரை தினமும் காலையில் ஊதுபத்தி காட்டித் தொட்டுக் கும்பிட்ட தராசு அது. அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் படத்துக்கு விளக்கேற்றுகிறேன், வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை போடுகிறேன், ஊர் மெச்ச எல்லாம் செய்கிறேன். தராசுக்கு வாளிதான்.

அவர் செத்த அன்று எங்கள் தெரு முனையிலிருந்து கடை வாசல் வரை பேனர் கட்டினார்கள். வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ‘நேர்மையின் மறுபெயரே’ என்று அடித்திருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துக்க வீட்டில் சிரிக்க முடியுமா? சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், தோள் குலுங்கியது. வந்திருந்த பெண்கள் என்னைக் காட்டி, மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் கொத்தமல்லி, மிளகாய், இல்லாவிட்டால் கருவேலம். வாழ்க்கைப்பட்டது அருப்புக்கோட்டையில், மல்லியும் மிளகாயும் விவசாயிகளிடம் வாங்கி விற்கிற கடைக்காரர் வீட்டில். முன்னால் கடை, பின்னால் வீடு, பக்கவாட்டில் குடோன். கடையில் இரண்டு தராசுகள். மேசை மேல் இருந்தது சில்லறை விற்கிற தராசு. குடோன் வாசலில் தரையோடு கிடந்தது விவசாயிகளிடம் மூட்டை வாங்குகிற தராசு. இரண்டு ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு விவரம் எனக்கு.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில். மகள் பிறந்து, அங்கேயே மூன்று தடுப்பூசியும் போட்டு, ஐந்தாம் மாதம் பிறந்ததும் அருப்புக்கோட்டைக்கு அழைத்து வந்தார்கள். எங்கள் ஊர் நர்ஸம்மா கடைசித் தடுப்பூசி அன்று அட்டையில் எழுதியிருந்த எடை ஐந்து கிலோ அறுநூறு. வந்த மறுநாள் காலை கடை திறந்து சாமி கும்பிட்டதும் மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். வீட்டு மகாலட்சுமியை முதலில் நிறுத்துவிட்டு அப்புறம் வியாபாரம் தொடங்கினால் கடைக்கு நல்லதாம். விற்கிற தராசின் தட்டு சின்னது, குழந்தை உருண்டுவிடும். அதனால் வாங்குகிற தராசின் மேல் ஒரு துண்டை நாலாக மடித்து விரித்துப் படுக்க வைத்தார். மிளகாய் நெடியில் குழந்தை ரெண்டு தும்மல் போட்டது. சிவப்பு எண்கள் ஓடி நின்றன. ஐந்து கிலோ அறுநூறு.

ஒரு மாதமாக ஒரு கிராம்கூட ஏறவில்லை. மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மாரைப் பார்த்தார். “பாலு தண்ணியா இருக்கு போல,” என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, பரிதாபமாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாமனார் அங்கேதான் இருந்தார். மேசைக்குப் பின்னால், நாள்காட்டிக்குப் பக்கத்தில். அந்த நேரத்தில் அவர் தேதித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த பதினைந்து நாளும் குழந்தையைத் தராசில் கிடத்துகிறபோதெல்லாம் அவர் தேதித் தாளைத்தான் படித்தார். பேத்தியின் எடையை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பெரிய மனிதர், பெண்கள் விஷயத்தில் தலையிடமாட்டார் என்று அப்போது நான் அவரை மெச்சினேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் மேல்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

என்ன செய்வதென்று தெரியாமல் குரூப்பில் கேட்டேன். இந்த வட்டாரத்து அம்மாக்கள் இருநூறு பேருக்கு மேல் இருந்த வாட்ஸப் குரூப் அது. குழந்தை பச்சையாகப் போகிறது, தலையில் பொருக்குத் தட்டுகிறது, கட்டை விரலைச் சப்புகிறது, எப்போது குப்புற விழும், ராகிக் கூழ் எப்போது கொடுக்கலாம் என்று விடிந்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். கேட்டு வாய் மூடுமுன் பதில் வந்துவிடும். பாளையம்பட்டிக்காரி ஒருத்தி எதற்கும் ஜாதிக்காய்தான் சொல்வாள். பிள்ளை தூங்கவில்லையா, ஜாதிக்காயை உரைத்து நாக்கில் தடவு. தூங்கிக்கொண்டே இருக்கிறதா, அதற்கும் ஜாதிக்காய். காரியாபட்டியிலிருந்து மதுரைக்கு வேலைக்குப் போகிற ஒருத்தி பஸ்ஸில் இருந்தே வாய்ஸ் மெசேஜ் போடுவாள். அவள் சொல்கிற வைத்தியத்தில் பாதியைக் கண்டக்டரின் விசில் விழுங்கிவிடும், மிச்சப் பாதியை நாங்கள் பக்தியோடு கடைப்பிடித்தோம். பெற்று மூன்று மாதம்கூட ஆகாதவள், முப்பது பிள்ளை வளர்த்தவள் மாதிரி இரண்டு மாதம் ஆனவளுக்குப் பாடம் நடத்துவாள்.

என் கேள்விக்கும் பதில்கள் கொட்டின. பூண்டு தின்னு, பால்சுறா வாங்கிச் சாப்பிடு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி, உனக்குப் பால் பத்தவில்லை, உனக்குப் பால் சூடு, ஏதோ கண் பட்டிருக்கிறது, பேசாமல் பவுடருக்கு மாற்று, என் பிள்ளை அந்த வயதில் ஏழு கிலோ. இந்தக் கடைசிப் பதிலைப் போட்டவளை இப்போதும் கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அத்தனை பேரில் ஒருத்திகூட, எந்தத் தராசில் நிறுத்தாய் என்று கேட்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் கடைக்கார வீட்டு மருமகள்கள்.

பவுடர் டப்பா வந்தது, புட்டி வந்தது. மாமியார் மணி பார்த்துப் புட்டியைக் கொடுத்தார். வயிறு நிறைந்த பிள்ளை என்னிடம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்து நாளில் எனக்குப் பால் கட்டுவதே குறைந்துவிட்டது. கட்டவில்லை என்பதையே மாமியார் சாட்சியாக எடுத்துக்கொண்டார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று அழுதேனே தவிர, வேறு நினைப்பே எனக்கு வரவில்லை.

பதினைந்தாம் நாள், நான்கு நாளாக வெளிக்குப் போகாமல் குழந்தை முக்கி முக்கி அழவே, குழந்தை டாக்டரிடம் கொண்டு போனோம். அங்கே நிறுத்தார்கள். ஆறு கிலோ நானூறு. அன்று காலையில்தான் எங்கள் தராசு ஐந்து தொள்ளாயிரத்துக்குப் பக்கத்தில் காட்டியிருந்தது. எடை ஏறவில்லை என்று யார் சொன்னது, பால் இருக்கும்போது எதற்குப் பவுடர் என்று டாக்டர் என்னைக் கேட்டார். மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. “எங்க கடைத் தராசுல தெனமும் நிறுக்கோம் டாக்டர். அது தப்பாக் காட்டாது,” என்றார். அவர் மனதார நம்பித்தான் சொன்னார். முப்பது வருடம் அந்த வீட்டில் குடித்தனம் செய்தும் ஒன்றும் தெரியாத ஒரே ஆள் அவர்தான். என்ன கடை என்று டாக்டர் கேட்டார். மல்லி, மிளகாய் வாங்கி விற்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். டாக்டரும் இந்த ஊர்க்காரர்தான். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. மாமியாரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, இனிமேல் இங்கேயே கொண்டு வந்து நிறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார்.

அன்று மத்தியானம் கடை அடைத்து எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு குடோனுக்குப் போனேன். குடோன் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு பழைய இரும்பு எடைக்கல்லை முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஐந்து கிலோ, மேலே முத்திரை குத்தியது. வருடக்கணக்காக அந்தத் தராசுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த கல். அதைத் தூக்கித் தட்டில் வைத்தேன். நான்கு கிலோ அறுநூறு. எடுத்து மறுபடி வைத்தேன், அதே நான்கு அறுநூறு. என் பிள்ளையின் அரைக்கிலோ எங்கே போனது என்று எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் உழுது பாடுபடுகிற சம்சாரிகளின் மல்லியும் மிளகாயும் வருடம் வருடமாகப் போன இடத்துக்குத்தான் அதுவும் போயிருந்தது.

நிமிர்ந்தால் மாமனார் வாசலில் நிற்கிறார். சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். எண்ணைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். “பழைய கல்லும்மா, தேஞ்சிருக்கும்,” என்றார்.

நான் கல்லைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போய் விற்கிற தராசின் மேல் வைத்தேன். அங்கே ஐந்து கிலோ நூறு காட்டியது. தேய்ந்த கல் பத்தடி நடந்ததில் மறுபடி வளர்ந்துவிட்டிருந்தது. என் பின்னாலேயே வந்தவர் அதையும் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். பொருளைத் திருப்பிப் பார்த்து விலை சொல்லுமுன் கணக்குப் போடுகிற முகம்தான் இருந்தது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி மாமியாரைக் கூப்பிட்டார். “இந்தா, நாளைலருந்து பாப்பாவ நிறுக்க வேணாம், கண்ணு பட்டுரும். பவுடரையும் நிறுத்திரு. மருமகளுக்குப் பாலு நல்லாத்தான் இருக்கு,” என்றார். கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்து, காலால் கதவோடு நெருக்கித் தள்ளினார்.

பதினைந்து நாள் இந்த ஒரு வாக்கியத்தை மனிதர் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். பேத்தி முக்கி அழுததைக் கேட்டார், நான் கண் வீங்கிக் காபி கொண்டுவந்து வைத்ததைப் பார்த்தார். தராசு பொய் என்று சொல்வதை விட மருமகள் பால் பொய் என்று இருப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. இப்படி ஒரு கோழையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் வேலையில் இருந்த என் கணவரிடம் போனில் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “கட சமாச்சாரம் நமக்கெதுக்கு, விடு,” என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மாமனாரைத் திட்டிவிட்டு நான் நல்லவளாக எழுந்து போய்விட முடியாது. அன்று நடந்தது ஒரு வியாபாரம். என் பாலின் மானத்தை அவர் திருப்பிக் கொடுத்தார், தராசின் மானத்தை நான் காப்பாற்றினேன். விடாமல் மாரில் போட்டுப் போட்டு, இருபது நாளில் பால் பழையபடி ஊறியது. அந்தச் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன். அந்த மாசியிலேயே அப்பா மல்லி மூட்டைகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்தார், சம்பந்தி கடை என்ற நம்பிக்கையில். மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறின. நான் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றேன். வீட்டில் பார்த்த எடைக்கும் இதற்கும் வித்தியாசம் வருகிறதே என்று அப்பா தயங்கினார். சரக்கு காய்ந்தால் எடை குறையும் என்று மாமனார் எல்லாரிடமும் சொல்கிற பதிலையே சொன்னார். “காய்ச்சல்ல இழுத்திருக்கும் மச்சான்.” அப்பா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “இந்த வருசம் வெயிலு சாஸ்தி தாயி, இழுத்திருச்சு போல,” என்றார். நான் டீயை நீட்டினேன். அப்பா குடித்துவிட்டு, சீனி சரியாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகும் நான்கு வருடம் அவர் மல்லி கொண்டுவந்தார். நான்கு வருடமும் நான் டீ கொடுத்தேன்.

மாமனார் போன பிறகு கணவர் வந்து கடையைப் பார்க்கிறார். புதுத் தராசு வாங்கினோம். அந்த ஐந்து கிலோ கல்லை வைத்துப் பார்த்த பிறகுதான் அதைக் குடோன் வாசலில் வைக்கவிட்டேன். மேசைத் தராசையும் சரிபார்த்து முத்திரை போட்டு வாங்கி வந்தார். முனகிக்கொண்டேதான் செய்தார், முனகட்டும். பழையது மாடிப்படிக்குக் கீழே போனது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். குரூப் இன்னும் இருக்கிறது, இப்போது நானூறு பேருக்கு மேல். ஜாதிக்காய்க்காரி இன்னும் ஜாதிக்காய்தான் சொல்கிறாள். நான் எதற்கும் பதில் போடுவதில்லை, படித்து உதட்டைப் பிதுக்குவதோடு சரி.

போன வாரம் ஒரு காலையில் மல்லாங்கிணற்றுப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள். “அக்காங்களா, பாப்பாவுக்கு அஞ்சாவது மாசம். அம்மா வீட்டுலருந்து வந்து பத்து நாள் ஆகுது. எங்க கடைத் தராசுல போட்டுப் பாத்தா எடை ஏறவே இல்ல. எனக்குப் பாலு பத்தலன்னு சொல்றாக. என்ன செய்யலாம்?”

பூண்டு, பால்சுறா, கண் பட்டிருக்கும், பவுடருக்கு மாற்று என்று நான் பார்க்கும்போதே பதில்கள் விழுந்துகொண்டிருந்தன. நானும் எழுதினேன். “வாங்குற தராசா, விக்கிற தராசா?”

குரூப் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்து அந்தப் பெண், வாங்குகிற தராசுதான் அக்கா, ஏன் கேட்கிறீர்கள் என்று போட்டாள்.

மாடிப்படிக்குக் கீழே குனிந்து வாளியை எடுத்துக் கீழே வைத்தேன். தட்டைத் துடைத்தேன், ஒயரைச் செருகினேன். குடோனில் இருந்து கல்லைக் கொண்டு வந்து வைத்தேன். இத்தனை காலம் கழித்தும் தராசு தன் எஜமானுக்கு விசுவாசமாக நான்கு அறுநூறு காட்டியது. கல்லில் ஐந்து கிலோ என்று குத்தியிருந்த முத்திரையும், பக்கத்தில் சிவப்பு எண்களும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன். அந்தப் பெண்ணுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். குரூப்பில்தான் போட்டேன். ‘எங்க வீட்டுத் தராசு. இதுலதான் எம் புள்ளய நிறுத்தாக. எங்கப்பா மல்லியையும் இதுலதான் நிறுத்தாக. உனக்குப் பாலு நல்லாத்தான் இருக்கும், குடுக்குறத விட்டுறாத. பாப்பாவ டாக்டர்கிட்ட நிறுத்துப் பாரு’ என்று கீழே எழுதினேன்.

கணவரிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மத்தியானம் நெருங்குகிற நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து, குரூப்பில் இல்லை, எனக்கு மட்டும், ஒரு செய்தி வந்தது. “எங்க குடோன்லயும் ஒரு கல்லு கெடக்குக்கா. மாமா சாப்ட்டுப் படுக்கட்டும்.”