அப்பா பூசிய திருநீறும் ஒரு தங்கத் துகளும்

சில வருடங்களுக்கு முன், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நடந்தது இது. அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். பூஜைக்காக ஆழ்வார்குறிச்சிக்கு என்னை அழைத்துப் போக, அப்பா ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களை உயிருள்ள செல்களுக்குக் கொடுத்து, அவை உள்ளே போய் என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. சொந்தக்காரர்களுக்கு இது ஒரே கேலி. "தங்கத்துல ஆராய்ச்சி பண்ணுதாளாம், கழுத்துல ஒரு பொட்டுத் தங்கத்தக் காணுமே" என்று அத்தை சிரிப்பாள்.

அன்று எனக்குத் தலைபோகிற அவசரம். மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு, துகள்களை விழுங்கிய செல்கள் அன்றுதான் நன்றாக வாய்த்திருந்தன. கண்ணாடித் தகட்டில் வைத்து மூடிவிட்டால் அவை கொஞ்ச நேரம்தான் உயிரோடிருக்கும். செத்த செல்லுக்குள் துகள் இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். உயிருள்ள செல்லோ அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும். அந்த நடையைப் படம்பிடித்தால்தான் என் ஆய்வு தேறும். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து.

தகட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, தெளிவாகத் தெரிவதற்காக எண்ணெய்ச் சொட்டு விட்டுவிட்டு, கேமராவைச் சரிசெய்யத் திரும்பினேன். எங்கள் வீட்டில் மிக்ஸி முதல் மோட்டார் வரை அப்பா திருநீறு பூசாத மிஷின் கிடையாது. என் மிஷினை மட்டும் சும்மா விடுவாரா? சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, மூன்று விரலால் பட்டை போட்டுவிட்டார். தகட்டின் மேலேயும் கொட்டிவிட்டது.

"எப்பா! என்ன காரியம் பண்ணிட்டிய!"

"துன்னூறுதானட்டி" என்றார் பாவமாக.

இந்த மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து வரும். எதன் மீதாவது பட்டுச் சிதறினால் மட்டுமே நம் கண்ணுக்கு எட்டும்; மற்றபடி ஒரே இருட்டு. கண்ணாடி ஓடு வழியாக விழும் வெயிலில் தூசி மினுங்குமே, அப்படி. அந்த இருட்டில் சாம்பல் விழுந்தால் கேட்கவா வேண்டும்? குனிந்து பார்த்தேன். பால் கொட்டினாற்போல் ஒரே வெள்ளை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லென்ஸ் தாளால் பையப் பையத் துடைத்தேன். அழுத்தினால் செல் நசுங்கும், தாமதித்தால் செத்துவிடும். அப்பா பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினார். மறுபடி எண்ணெய் விட்டுக் குனிந்தேன். ஓரத்தில் மிச்சமிருந்த சாம்பல் வெள்ளையாக அசையாமல் கிடந்தது. நடுவே செல்லின் மங்கலான விளிம்பு. அதற்குள் செம்மஞ்சள் புள்ளிகள். அவற்றில் ஒன்று தயங்கி நின்றது. பிறகு கோடு போட்டாற்போல் நேராக ஓடியது.

செல் உயிரோடுதான் இருந்தது! உடனே படம்பிடித்து முடித்து, அப்பாவை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"தங்கம்னா மஞ்சளாவுல்லா இருக்கணும்?"

"இவ்வளவு பொடியாயிட்டா நிறம் மாறிரும்ப்பா."

அப்பா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பார்த்தபடியே கேட்டார்: "யாருட்டி அதத் தூக்கிட்டுப் போறது?"

"செல்லுதாம்ப்பா. உசுரு இருக்கவரைக்கும் அது சும்மா இருக்காது."

சொல்லும்போதே எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. படம் கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலையில், எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதையே அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை.

எழுந்த அப்பாவின் கை மறுபடி சட்டைப்பைக்குப் போனது. நான் பதறியடித்து மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் போய் நின்றேன்.

"அதுக்கு வேண்டாம்ட்டி. அங்கன சாமி ஏற்கெனவே வந்தாச்சு" என்றபடி என் நெற்றியில் பூசினார்.

இன்றும் விளக்கை அணைத்து மைக்ரோஸ்கோப்பில் குனியும்போதெல்லாம், முதல் புள்ளி நகரும்வரை எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அன்று அப்பாவின் கேள்விக்கு நான் சொன்னது பாதிப் பதில்தான், மீதியை என் நெற்றியில் பூசியபடி அவரே சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது.