ராசம்மாவின் சப்பாத்து

கொழுந்து பறித்து மலையிலிருந்து இறங்கியதும் மற்றவர்கள் அடுப்பைத் தேடி ஓடுவார்கள். ராசம்மா வெளிச்சத்தைத் தேடுவாள். லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் கடைசி வெயில் விழுகிற இடமாகப் பார்த்துச் சாக்கை விரித்து உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொள்வாள். முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளங்காலுக்கு நேரே பிடித்து, கல்யாணப் பெண் நெற்றிப்பொட்டைப் பார்க்கிற மாதிரி அப்படியும் இப்படியும் திருப்புவாள். குதிகால், பெருவிரலின் அடி, விரல் இடுக்கு, ஒன்றையும் விடமாட்டாள். கண்ணுக்கு எட்டாததைக் கையால் தடவிப் பார்ப்பாள். பிறகு இடது கால்.

"மூஞ்சியப் பாக்குற கண்ணாடியில காலப் பாக்குறியே மதினி!" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து மீனம்மா சிரிப்பாள். மீனம்மா, ராசம்மாவின் செத்துப்போன கணவன் மாயாண்டியின் தங்கை.

"மூஞ்சிக்கு என்ன கேடு? அது எங்கயும் போயிறாது. இதுதான் சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்" என்பாள் ராசம்மா, தலையை நிமிர்த்தாமலே.

அந்த வலது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. அவை போன கதை அக்கரப்பத்தனைப் பக்கம் எல்லாத் தோட்டத்துக்கும் தெரியும், ஆளுக்கு ஒரு விதமாக. நடந்தது இதுதான். போன வருடத்துக்கு முந்தின வருடத்து மாரியம்மன் திருவிழாவில் பூக்குழி இறங்கியவர்கள் எல்லோரும் ஓட்டமாக ஓடித் தணலைக் கடந்தார்கள். ராசம்மா மட்டும் கொழுந்து மலையில் நிரை பிடித்துப் போகிறவள் மாதிரி நிதானமாக நடந்தாள். அக்கரை சேர்ந்தவள் சும்மா போயிருக்கலாம். திரும்பி இறங்கி இன்னொரு தடவையும் நடந்தாள்! குலவைச் சத்தம் தேயிலைக்கூடம் வரைக்கும் கேட்டது. பூசாரி மூக்கன் அவள் காலில் விழுந்தார். அவள் மிதித்த இடத்துச் சாம்பலைப் பெண்கள் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். துரையைத் தவிர வேறு எவரையும் கும்பிட்டு அறியாத கங்காணி சிவசாமியே கையெடுத்தார். கொஞ்சமும் சுடவில்லையே என்று அவளுக்கும் அதிசயம்தான். ஆத்தா மடியில் ஏந்திக்கொண்டாள் என்று நம்பினாள். நம்பாமல் வேறு என்ன செய்வாள், பாவம்?

சில நாளில் காம்பராவுக்குள் நாற்றம் எடுத்தது. "எலிதான் செத்துக் கெடக்குன்னு கோதும மா மூட்டையெல்லாம் தூக்கிப் போட்டுத் தேடினோம். கடைசியில பாத்தா நாறுறது எங் காலு" என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறது, வருடக்கணக்காக இருந்திருக்க வேண்டும், அதுதான் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். நெருப்பு சுட்டதென்னவோ சுட்டதுதான். சேதி மட்டும் அவளுக்கு வந்து சேரவில்லை. இன்னொரு புண் வந்து பழுத்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றும் சொல்லி அனுப்பினார்.

கால் போனால் மலை ஏற முடியாது. மலை ஏறாதவளின் பேரைத் தோட்டத்துப் பேரேட்டில் வெட்டிவிடுவார்கள். பேரை வெட்டினால் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். மாயாண்டி போன பிறகு அந்த ஒற்றைக் காம்பராவைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு கூரை கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் இதையே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். லயத்தில் வந்து இறங்கியவள் வேறு ராசம்மா.

கட்டுப்போட்ட சிங்கள நர்ஸ் அவளுக்குப் புரிய வேண்டுமே என்று ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னாளாம்: "ஹெமதாம பலன்ன, அக்கே." தினமும் பார், அக்கா. அதை ராசம்மா மந்திரமாகப் பிடித்துக்கொண்டாள். குளிர் எலும்பைக் கடிக்கிற மாதங்களில் லயமே அடுப்பைச் சுற்றிக் கால் நீட்டி உட்காரும். இவள் மட்டும் கம்பளிக்குள் காலைச் சுருட்டிக்கொண்டு தள்ளி உட்காருவாள். கால் கழுவ வைத்த வெந்நீரைக் காலால் தொடமாட்டாள், முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பாள். கழுவிய காலை ஈரம் போகத் துடைத்து, வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் போடுவாள், விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் படவிடமாட்டாள். கால் ஆணியைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் சீவிக்கொள்கிற ஆண்களைக் கண்டால் வாயில் வந்தபடி திட்டுவாள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேயிலைச் சாயத்தண்ணி குடிப்பது லயத்து வழக்கம். இவள் வெறும் சாயத்தைக் குடித்து முகம் சுளிப்பாள். "கசக்குது. கசக்கட்டும்!"

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்காமல் போனது சப்பாத்தை.

அட்டன் கடைவீதியில் சப்பாத்துத் தைக்கிறவரிடம் போய் நின்றபோது, "புருசனுக்கா?" என்று கேட்டாராம். "எனக்குத்தான். ஏன், எங் காலு காலா தெரியலியா?" சாயங்காலமாகப் பார்த்துத்தான் அளவு கொடுத்தாள், அப்போதுதானே கால் வீங்கியிருக்கும். முன்பக்கம் அகலம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். "மிச்சம் இருக்குற விரலாச்சும் நல்லாக் கையக்கால நீட்டிப் படுக்கட்டுங்க." அடியில் லொறி டயர். உள்ளே போட்டுக்கொள்ள, மா மூட்டைத் துணியில் அவளே தைத்த வெள்ளைக் காலுறை. வெள்ளை ஏனென்றால், அட்டை கடித்தாலும் முள் குத்தினாலும் கால் சொல்லாது, துணி சொல்லிவிடும். காலையில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒரு சிறுகல்கூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் காலை நுழைப்பாள்.

ஆக, ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், பனியில் விறைத்த வெறுங்கால் வரிசையின் நடுவே ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து வந்து நின்றது. இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, காலில் சப்பாத்து. கங்காணி சிவசாமிக்கு மூச்சே நின்றுவிட்டது.

"தொரைக்கு முன்னால சப்பாத்துக் காலோடயா நிக்கிற? நீ என்னா தொரைசானியா?"

"தொரைசானிக்கு வெறும் காலு போதுங்க கங்காணியாரே. அந்தம்மா புல்லுலதான நடக்குது. முள்ளுலயும் கல்லுலயும் நடக்குறவ நான்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துரை வந்தார். சப்பாத்தைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையிடம் ஏதோ கேட்டார், அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். துரைக்கு வலிக்கவில்லை. வலித்ததெல்லாம் கங்காணிக்குத்தான். அந்த வலி அவருக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருடத் திருவிழாவின்போது கால் புண் முழுக்க ஆறவில்லை என்று விட்டுவிட்டார்கள். இந்த வருடம் விடவில்லை. கரகம் தூக்கும் பூசாரிக்குப் பின்னால் முதல் ஆளாக ராசம்மாதான் இறங்க வேண்டும் என்று தோட்டம் முடிவு கட்டிவிட்டது. இரண்டு தடவை நடந்தவள் அல்லவா? விரல் போனது பூக்குழியால் இல்லை, விரதத்தில் ஏதோ குறை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். மூக்கன் நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் வந்து கேட்டார்.

"நீ எறங்காம நாங்க எப்புடி எறங்குறது தாயி? ஆத்தா ஒன்னயத்தான் கேக்குறா."

"கேட்டா எங்கிட்ட நேரா கேக்கட்டும் பூசாரியாரே. அவளுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்ல. எங் காலு மரத்துப்போச்சுன்னு அவளுக்குத் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல."

அவள் சொன்னது வாய்வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். சப்பாத்தை வெளியே விட்டுவிட்டு, வெள்ளைக் காலுறையோடு உள்ளே போய்க் கண்ணை மூடி நிற்பாள். துணிக்கு என்ன தீட்டு?

மூக்கனுக்குப் பின்னாலேயே சிவசாமி வந்தார். அவர் தாயி என்றெல்லாம் கூப்பிடவில்லை. ஊரோடு ஒத்துப் போகாதவள் ஊற்றுத் தண்ணீர் விழும் பொதுப் பீலியில் எப்படித் தண்ணி பிடிக்கிறாள் என்று பார்க்கிறேன் என்றார். ராசம்மா எழுந்து நின்றாள்.

"ஓட்டுப் போடுற உரிமையப் புடுங்கினாங்க. இந்த நாட்டு ஆளே இல்லேன்னு சொன்னாங்க. நாம எல்லாம் வாய மூடிக்கிட்டுத்தான இருந்தோம்? மிச்சம் கெடக்குறது இந்த ரெண்டு காலு. இதையும் கேட்டா நான் குடுக்கமாட்டேங்க. நீங்க வேணும்னா ஒங்க காலக் குடுங்க."

அன்றைக்குச் சாயங்காலமே பீலியடியில் அவள் குடத்தை யாரோ வரிசையிலிருந்து தூக்கித் தள்ளி வைத்தார்கள். அவள் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். மறுபடியும் தள்ளினார்கள். மறுபடியும் வைத்தாள். பயம் இல்லாமல் இல்லை. இரவு மீனம்மாவிடம் மட்டும், "எல்லாரும் சேந்து தூக்கிக்கிட்டுப் போயி எறக்கிருவாங்களோ புள்ள?" என்று கேட்டிருக்கிறாள். மீனம்மா அழுதுவிட்டாள்.

திருவிழாவன்று வீட்டில் அடைந்து கிடப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கற்பூரமும் தேங்காயுமாகக் காலையிலேயே போய்க் கும்பிட்டு வந்தாள். சாயங்காலம் பூக்குழியைச் சுற்றிக் கயிறு கட்டிய இடத்தில், பெண்கள் கூட்டத்தின் முன்வரிசையில் வந்து நின்றாள், சப்பாத்தோடு.

"கோயில் எல்லையில சப்பாத்தா? கழட்டு!" என்றார் சிவசாமி. "கழட்டிட்டு எறங்கு!"

"எல்ல கயித்துக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கந்தான் நிக்கிறேன்."

தப்புப் பறை ஓங்கி முழங்கியது. மூக்கன் கரகத்தோடு குழியின் விளிம்பில் நின்று அவளைப் பார்த்தார். ஊரே பார்த்தது. இரண்டு மூன்று ஆண்கள் அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கவும் செய்தார்கள். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த மூக்கன், "ஆத்தா!" என்று கூவிக்கொண்டு தானே இறங்கினார். அவருக்குப் பின்னால் மஞ்சள் வேட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடின. அந்த ஓட்டத்தில் யாரோ காலால் எற்றிய தணல் ஒன்று கயிற்றைத் தாண்டி வந்து விழுந்து, பெண்கள் பக்கமாக உருண்டது.

ஆத்தாவின் பூவாயிற்றே, தண்ணீர் ஊற்ற ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. வீலென்று கத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். பின்னால் இருந்த கூட்டம் நெட்டித் தள்ள, ராசம்மாவின் பக்கத்தில் நின்ற மீனம்மாவுக்கு ஒதுங்க இடமில்லை. தணல் அவளுடைய வெறுங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து சிவந்து கிடந்தது.

ராசம்மா வலது காலை எடுத்து அதன் மேல் வைத்தாள். டயர் கருகும் நாற்றம் எழுந்தது. தப்புக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். அவள் சிவசாமியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், குதிகாலை அழுத்தி இன்னொரு திருகு திருகினாள்.